ஜார்ஜெஸ்குவை நீக்கியது யார்? 1944-ஐ ஒழுங்காகப் பாருங்கள்

தாளக்கட்டு: "ருமேனியாவின் புகாரெஸ்ட் ஃபில்ஹார்மானிக் இசைக்குழுவின் நடத்துநர் ஜார்ஜெஸ்குவை 1944-ல் கம்யூனிஸ்ட் அரசு துரத்தியது" என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். கம்யூனிஸ்டுகள் கையில் இருந்த பெட்ரு க்ரோசா அரசு வந்ததே 1945 மார்ச் 6. மன்னர் மிஹாய் முடி துறந்தது 1947 டிசம்பர் 30. இல்லாத அரசு எப்படித் துரத்தும்?

மேற்குவாசல்: எழுதியது நான்தான். 1944 ஆகஸ்ட் கடைசியிலேயே சோவியத் படை புகாரெஸ்டுக்குள் வந்தாச்சு. நாற்காலியில் யார் இருந்தால் என்ன?

தாளக்கட்டு: நாற்காலிதான் கேள்வியே! போர்க்காலத்தில் ஜெர்மனி பிடித்திருந்த நாடுகளில் கச்சேரி செய்தார், அதனால் தடை. அந்தத் தடை நீங்கியது 1947-ல், க்ரோசா ஆட்சியில். 1961-62-ல் பீத்தோவனின் 9 சிம்பனிகளையும் எலெக்ட்ரெகார்டு என்ற ருமேனிய இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்தாரே, அது யார் காலம்?

மேற்குவாசல்: தடை போனதும் பதவி வந்துவிட்டதா? 1953 வரை அந்தப் பதவியில் இருந்தது நடத்துநர் சில்வெஸ்த்ரி. அவரும் 1958-ல் முதல் எனெஸ்கு இசைவிழாவில் எனெஸ்குவின் 'ஈடிப்' ஓபராவை நடத்திவிட்டு நாட்டைவிட்டு வெளியேறினார், 1961-ல் இங்கிலாந்தின் போர்ன்மத் இசைக்குழுவுக்குப் போனார். நடத்துநர் எரிக் பெர்கெலை 1959-ல் சிறையில் போட்டார்கள். நடத்துநர் செலிபிடாக்கேயும் ஓடினார்.

தாளக்கட்டு: செலிபிடாக்கே பெர்லின் போனது 1936. அவரையும் க்ரோசா கணக்கில் எழுதாதீர்கள்.

மூங்கில்: தேதியை விடுங்க. 80-களில் ஃபில்ஹார்மானிக்கின் அரங்கமான அதேனியத்தில் குளிர்காலச் சூடேற்றம் இல்லாமல் வாசித்த கொடுமையை யாரும் பேசலையே. காற்று 10 டிகிரி குளிர்ந்தால் ஊதுகருவிச் சுருதி சுமார் 30 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்) இறங்கும். உலோகத் தந்தியோ இறுகி ஏறும். மரத்தாலான ஊதுகருவி ஓபோவுக்கு உள்ளே மூச்சின் சூடு, வெளியே குளிர்; மேல்துண்டு விரிசல் விடும்.

மேற்குவாசல்: 30 எல்லாம் வராது. மூச்சே குழலைச் சூடாக்கிவிடும்.

மூங்கில்: ஊதினால்தானே சூடாகும்? பீத்தோவன் ஐந்தாவது சிம்பனியில் ட்ரோம்போன் என்ற பித்தளை ஊதுகருவி நான்காம் பகுதி வரை சும்மாவே இருக்கும். ஜில்லிட்ட குழலோடு சி மேஜரில் நுழையணும். தொடக்கத்தில் ஓபோவிடம் சுருதி சேர்த்தது அதுவரை தாங்காது. ஸ்லைடை, அதாவது சுரம் மாற்ற நகர்த்தும் குழாயை, உள்ளே தள்ளியே சமாளிக்கணும். அது முழுக்க உள்ளே இருக்கும் முதல் நிலையில் தள்ள இடமே கிடையாது.

மேற்குவாசல்: சுருதி சேர்க்கத் தனியாக இருக்கும் ட்யூனிங் ஸ்லைடு எதுக்கு இருக்கு?

மூங்கில்: சூடேறினதும் அதைத் திரும்ப இழுக்க நடுவில் நேரம் யார் தருவா?

தாளக்கட்டு: ட்ரோம்போனுக்குள் ஒளியாதீர்கள், மேற்குவாசல். 1944-ல் எந்தக் கம்யூனிஸ்ட் அரசு?

மேற்குவாசல்: செஞ்சேனை நின்ற ஊரில் எந்த அரசும் அவர்கள் அரசுதான்.

தாளக்கட்டு: மார்ச் 6, 1945. எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதுவேன்.