42 வயசுல ரெப் பையை இறக்கி வச்சுட்டு சாப்ட்வேர் விக்கப் போகலாமா?

கோரிப்பாளையம் ரெப்:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில 19 வருசமா மருந்து லைன்ல இருக்கேன், டாக்டர்களைப் பாத்து எங்க மருந்தை எழுதச் சொல்ற மெடிக்கல் ரெப் வேலை. இப்ப இருக்கிற கம்பெனியில 11 வருசம். ஏரியா மேனேஜர், எனக்குக் கீழ 4 ரெப். பிடித்தம் போக 62,000 கைக்கு வருது. வீட்டுக் கடன் 21,000 போயிடும். மகள் பத்தாவது.

சென்னையில ஒரு சாஸ் கம்பெனியில (இன்டர்நெட் வழியா சாப்ட்வேரை சந்தாவுக்கு விக்கிறவங்க) எஸ்டிஆர் (சேல்ஸ் டெவலப்மென்ட் ரெப்) வேலைக்குக் கூப்பிடுறாங்க. போன், மெயில்னு ஆள் தேடிப் பிடிச்சு டெமோவுக்கு நேரம் வாங்கித் தரணும், விக்கிறது வேற ஆள். வருசத்துக்கு பிக்ஸட் 4.8 லட்சம், டார்கெட் முழுசா அடிச்சா மேல 1.6.

ஏன் போக நினைக்கிறேன்னு கேப்பீங்க. போன புதன் ஒரு கிளினிக் பெஞ்சுல ராத்திரி 10.40 வரைக்கும் உக்காந்திருந்தேன். கடைசி பேஷன்ட் போன பிறகு உள்ள விட்டாங்க. டாக்டர் சின்னப் பையன், போனைப் பாத்துக்கிட்டே "வச்சுட்டுப் போங்க"ன்னார். மொத்தம் 40 செகண்ட் இருக்கும். பைக்கை எடுக்கும்போது முதுகு பிடிச்சுக்கிச்சு. 50 வயசுலயும் இதே பெஞ்சுதானான்னு தோணிடுச்சு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

லேட்டா வந்தவன்:
தாராளமா போங்க சார். நான் 44ல வந்தவன். அதுக்கு முன்ன சிவகாசியில ஆப்செட் மெஷின் வித்துக்கிட்டிருந்தேன். இப்ப அச்சகங்களுக்கும் சின்ன தொழிற்சாலைகளுக்கும் ஈஆர்பி விக்கிறேன், கணக்கு, சரக்கு, ஆர்டர் எல்லாத்தையும் ஒரே இடத்துல பாக்குற சாப்ட்வேர். முதல் 5 மாசம் டார்கெட்ல பாதிகூட வரல. மேனேஜருக்கு 27 வயசு, "அங்கிள்"னு வாய்வரைக்கும் வந்துட்டு முழுங்கிடுவார். அதெல்லாம் பழகிடும்.

ரெப்புக்கு இருக்கிற பெரிய சொத்தே, வேணாம்னு ஒருத்தர் சொன்னா உடைஞ்சு போகாத மனசு. ஒரு நாளைக்குப் பத்து டாக்டர்கிட்ட மூக்குடைபட்டு மறுநாள் அதே சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டுப் போறவங்க நீங்க. காலேஜ் முடிச்சு வர்ற பசங்க நாலு போன்ல "நாட் இன்ட்ரஸ்டட்" கேட்டா பாத்ரூம்ல போய் உக்காந்துக்கிறாங்க. வாடிக்கையாளர் விவரம், பேச்சு எல்லாத்தையும் பதிஞ்சு வைக்கிற சிஆர்எம் சாப்ட்வேருக்கும் பயப்பட வேணாம், அன்னன்னைக்குப் பாத்த டாக்டர்களை எழுதுற உங்க டெய்லி கால் ரிப்போர்ட்டோட அண்ணன்தான் அது.

நெட்டைக்கொக்கு:
லேட்டா வந்தவன் அண்ணே, நீங்க போனது ஈஆர்பி விக்க, அதுவும் உங்களுக்கு வாசனை தெரிஞ்ச அச்சகத்துக்கே. இவரைக் கூப்பிடுறது எஸ்டிஆர் வேலைக்கு. ரெண்டும் ஒண்ணா?

நான் 9 வருசம் இந்த லைன்ல குப்பை கொட்டினவன், 2 தடவை ஆட்குறைப்புல வெளிய வந்தவன். கணக்கை மட்டும் வைக்கிறேன். 4.8 லட்சம்னா மாசம் 40,000. பிஎப் போனா 37, 38. அதுல கடன் 21. மிச்சத்துல சென்னையில ஒரு ரூம், மதுரையில ஒரு குடும்பம். மேல 1.6ன்னு காட்டுறாங்களே, அது காகிதத்துல இருக்கிற பணம். டெமோவுக்குச் சரின்னவன் அன்னைக்கு வரலைன்னா கணக்குல ஏறாது. வந்தாலும், விக்கிற ஆளு "இது உருப்படியான லீட் இல்ல"ன்னு தள்ளிட்டா அதுவும் போச்சு. நீங்க என்ன செஞ்சாலும் உங்க காசு இன்னொருத்தர் கையில.

இன்னொண்ணு. இந்த லைன்ல எல்லாரும் சொல்ற கதை, சென்னையில ஆரம்பிச்ச சாப்ட்வேர் கம்பெனி பிரெஷ்வொர்க்ஸ். 2021 செப்டம்பர்ல அமெரிக்கப் பங்குச் சந்தை நாஸ்டாக்ல இறங்கினப்ப நூத்துக்கணக்கான ஊழியர்கள் கோடீஸ்வரர் ஆனாங்க, நிஜம்தான். 36 டாலருக்கு வந்த பங்கு மறுவருசமே பாதிக்குக் கீழ இறங்குச்சு, 2024 நவம்பர்ல சுமார் 660 பேரைக் குறைக்கிறதா அறிவிச்சாங்க. அதையும் சேர்த்துச் சொல்லணும்ல. இப்ப மெயில் எழுதுறது, ஆள் தேடுறதுன்னு எஸ்டிஆர் செய்யிற பாதி வேலையை ஏஐ கையில குடுத்துப் பாக்குறாங்க. எரியிற வீட்டுல ரூம் வாடகைக்கு எடுக்கிற மாதிரி இருக்கு.

லேட்டா வந்தவன்:
தம்பி, உங்க கசப்பு புரியுது. ஆனா மருந்து லைன் மட்டும் என்ன ஆலமரமா? 2024ல மத்திய அரசு யுசிபிஎம்பிங்கிற மருந்து விற்பனை நடத்தை விதியைக் கொண்டு வந்த பிறகு டாக்டருக்குப் பரிசுப் பொருள் கிடையாது, வெளிநாட்டுப் பயணம் கிடையாது. முன்னாடி அதை வச்சே ஓட்டின ரெப்பெல்லாம் இன்னைக்குத் தவிக்கிறாங்க. ஒரு வாசல் அடைபடும்போது இன்னொண்ணைத் தட்டிப் பாக்கிறதுல என்ன தப்பு?

கோரிப்பாளையம் ரெப்:
பரிசு குடுத்து ஓட்டினவன் நான் இல்லண்ணே. அதைவிட ஒண்ணு சொல்றேன். டாக்டர் "எழுதுறேன்"னு சொன்னா நாங்க நம்பிட்டு வந்துட மாட்டோம். கீழ இருக்கிற மெடிக்கல்ஸ்ல போய் ஆர்சிபிஏ எடுப்போம், அதாவது எந்த மருந்து நிஜமா போகுதுன்னு கடையில சரிபாக்கிறது. கடைக்காரரோட ஒரு டீ குடிச்சு, எங்க பிராண்ட் எத்தனை ஸ்ட்ரிப் போச்சு, எதிராளுது எத்தனைன்னு சின்ன நோட்டுல குறிச்சுக்குவோம். சொல்றது ஒருத்தர், நடக்கிறது வேற இடத்துலங்கிறது எங்களுக்கு ரத்தத்துல ஊறினது. இந்தப் புத்தி அங்க செல்லுமா?

நெட்டைக்கொக்கு:
செல்லும் சார், ரொம்பவே செல்லும். டெமோ பாத்துட்டுத் தலையாட்டுறவர் ஒருத்தர், கையெழுத்துப் போடுற பைனான்ஸ் ஆளு வேற. அதைத் தோண்டிக் கண்டுபிடிக்கிறவன்தான் ஜெயிக்கிறான். ஆனா அது டீலை முடிக்கிற ஏஈ (அக்கவுன்ட் எக்ஸிக்யூட்டிவ்) வேலை. உங்களை உக்கார வைக்கப்போறது போன் அடிக்க. அதைத்தான் சொல்றேன், 19 வருசப் புத்தியைக் குடுத்துட்டு 22 வயசுக்காரன் நாற்காலியை வாங்குறீங்க.

எந்த மார்க்கெட்டுன்னு கேட்டீங்களா? நியூயார்க்ல காலை 9 மணின்னா நமக்குக் கோடையில சாயங்காலம் 6.30, குளிர்காலத்துல 7.30. கலிபோர்னியான்னா இன்னும் 3 மணி நேரம் தள்ளும். லண்டன்னா மதியத்துக்கு மேல ஆரம்பம். துபாய்னா காலை 10.30, மனுசன் வாழலாம். ராத்திரி 10.40க்குப் பெஞ்சுல உக்காந்தது கஷ்டமா இருந்துச்சுன்னீங்க, அமெரிக்கான்னா விடியுற வரைக்கும் ஹெட்செட் மாட்டிக்கிட்டு உக்காரணும்.

இருவாட்சி:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். நான் மருந்து கம்பெனிகளுக்கு ரிப்போர்ட்டிங் சாப்ட்வேர் போட்டுக் குடுக்கிற இடத்துல இம்ப்ளிமென்டேஷன் பாக்குறேன். ரெப் அண்ணன் தினமும் கால் ரிப்போர்ட் போடுறாரே, அந்த மாதிரி ஆப்.

எங்க ஆபீஸ்ல ஜாவா தெரிஞ்சவங்க 30 பேர் இருக்காங்க. ஒரு ரெப் டீக்கடையில உக்காந்துக்கிட்டே ஒம்பது டாக்டரைப் பாத்ததா ஒம்பது "கால்" எப்படிப் போடுறார்னு தெரிஞ்சவர் ஒருத்தர்கூட இல்ல. கிளினிக் பக்கத்துல நின்னாத்தான் கால் ஏறும்னு ஜிபிஎஸ் பூட்டு போட்டோம். ஒரு காம்ப்ளெக்ஸ்ல மாடிக்கு மாடி டாக்டர், வாசல்ல நின்னே அஞ்சு பேரையும் முடிச்சுட்டாங்க. வாங்கின கம்பெனியோட சேல்ஸ் ஹெட் எங்களைப் பாத்துச் சிரிச்சார். அந்த மீட்டிங்ல அண்ணன் மாதிரி ஒருத்தர் எங்க பக்கம் இருந்திருந்தா மானம் போயிருக்காது. எஸ்டிஆர் வேணாம்ணே. ப்ரீசேல்ஸ் (விக்கிறதுக்கு முன்ன விளக்கிக் காட்டுறது), ட்ரெயினிங், கஸ்டமர் சக்சஸ் (வாங்கினவங்க நல்லா பயன்படுத்துறாங்களான்னு பாத்துக்கிறது) பக்கம் கேளுங்க.

நெட்டைக்கொக்கு:
யோசனை நல்லாத்தான் இருக்கு. ஒரு முள்ளு மட்டும் இருக்கு. மருந்து கம்பெனிகளோட தலைமை ஆபீஸ் பெரும்பாலும் மும்பை, அகமதாபாத், ஹைதராபாத். வாங்குறவங்க அங்க. மதுரை டாக்டர் பழக்கம் அந்த மேசையில செல்லாது, ஹிந்தி வேணும்.

இருவாட்சி:
விக்கிற ஆளுக்கு அது சரி சகோ. தமிழ்நாடு, கேரளா ரெப்புகளுக்கு ட்ரெயினிங் குடுக்க ஹிந்தி எதுக்கு?

நெட்டைக்கொக்கு:
ஒத்துக்கிறேன். சார், எங்க போனாலும் ரெண்டு காரியம். பிஎப்பை உருவாதீங்க, அதே யூஏஎன்ல (உங்க பிஎப் அடையாள எண்) மாத்திக்குங்க, பென்ஷன் சர்வீஸ் அறுபடாது. கிராஜுவிட்டியைக் கேட்டு வாங்குங்க. பேசிக்கும் டிஏவும் சேர்ந்து எவ்வளவு?

கோரிப்பாளையம் ரெப்:
39,000.

நெட்டைக்கொக்கு:
26ஆல வகுத்து 15ஆல பெருக்கினா, ஒரு வருச சர்வீஸுக்கு 22,500. 11 வருசத்துக்கு 2,47,500. கடன் தவணைக்குன்னு தனியா வச்சா கிட்டத்தட்ட 12 மாசம் ஓடும். சென்னை அட்வான்ஸுக்கு அதை உடைச்சுடாதீங்க.

கோரிப்பாளையம் ரெப்:
பத்து நாள் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும், மாசக் கடைசி குளோசிங்.

அந்த சென்னை கம்பெனியில மார்க்கெட் எதுன்னு கேட்டேன். அமெரிக்காவாம், 6.30ல இருந்து 3.30. வீட்டுல சொன்னேன். "காலையில அவ ஸ்கூலுக்குக் கிளம்பும்போது நீங்க தூங்குவீங்க, அவ்வளவுதானே"ன்னா. அதுக்கு மேல பேச்சே இல்ல. வேணாம்னு மெயில் போட்டுட்டேன்.

அப்புறம் எங்க ரிப்போர்ட்டிங் ஆப் கம்பெனியில இருந்து போன வருசம் ட்ரெயினிங் குடுக்க வந்த தம்பி நம்பர் இருந்துச்சு. தெற்கு மாவட்டங்களுக்கும் கேரளாவுக்கும் ஆள் தேடுறாங்களாம். கோயம்புத்தூர்ல ரெண்டு ரவுண்டு முடிஞ்சது. டீக்கடைக் கதையைச் சொன்னேன், எதிர்ல இருந்த மூணு பேரும் எழுதிக்கிட்டாங்க. 54,000 சொல்றாங்க, நான் 58 கேட்டிருக்கேன். ஜாகை மதுரையிலயே.

லேட்டா வந்தவன்:
60 கேட்டிருக்கணும் சார்!

நெட்டைக்கொக்கு:
டூர் மாசம் எத்தனை நாளுன்னு கேட்டீங்களா?

கோரிப்பாளையம் ரெப்:
12 நாள், பஸ்ஸு ரயிலுதான், பைக் கிடையாது. அதுக்கு முன்ன இந்த முதுகைக் காட்டணும். நாளைக்கு அதே கிளினிக்தான். இந்தத் தடவை டோக்கன் போட்டிருக்கேன்.