வேலூர் ஏன் இரண்டு வரியாக வருகிறது? பார்வைக்கு ஒன்று, எண்ணில் வேறு

கேள்வி: குடியாத்தம்_தறி

நெசவாளர் உறுப்பினர் பட்டியல் ஒன்று எக்செல்லில் இருக்கிறது. பழைய வட ஆற்காட்டு ஊர்கள் எல்லாம் கலந்து வரும். பாதி, பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துக் கன்வர்ட்டரில் யூனிகோடாக மாற்றியது. மீதி, செல்போனில் நேராக அடித்தது. ஊர்வாரியாக பிவட் (தொகுப்பு அட்டவணை) போட்டால் வேலூர் இரண்டு வரி, காவேரிப்பாக்கம் இரண்டு வரி, சேர்க்காடு இரண்டு வரி. ட்ரிம் போட்டாச்சு, எழுத்துருவும் மாற்றிப் பார்த்தாச்சு. இதே ஃபைலை சிஎஸ்வியாக (வெறும் உரை ஃபைலாக) அனுப்பினால், வாங்குபவர் திறக்கும்போது கோழி கிளறின மாதிரி இருக்கிறதாம். இரண்டும் ஒரே கோளாறா? எங்கே பார்ப்பது?

பதில்: சத்துவாச்சாரி_டேட்டா

இரண்டும் வேறு வேறு சார். முதலில் வேலூரைப் பார்ப்போம்.

கணினிக்கு எழுத்து வடிவம் தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். அ 2949, க 2965. க, வ போன்ற அகர உயிர்மெய்யைத் தவிர மற்ற உயிர்மெய்க்குத் தனி எண் கிடையாது. அகர உயிர்மெய்யின் எண், அதன் பின்னால் குறியின் எண். அதனால் நாம் மூன்றெழுத்து என்று எண்ணும் வேலூர் கணினிக்கு ஆறு:

2997 3015 2994 3010 2992 3021

வ, ஏகாரக் குறி, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. எக்செல்லில் லென் போட்டால் 6 வருவது இதனால்தான்.

இப்போது ஏ2 செல்லில் உள்ள சொல்லைப் பிரித்துப் பாருங்கள். =யூனிகோட்(மிட்(ஏ2,5,1)) என்று ஐந்தாவது எழுத்தின் எண்ணைக் கேளுங்கள் (செல்லில் ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும்; 2013க்கு முந்தைய எக்செல்லில் இந்த ஃபங்ஷன் இல்லை). செல்போனில் அடித்ததில் 2992 வரும். கன்வர்ட்டர் வழியாக வந்ததில் 3006 வரும் என்று நினைக்கிறேன். 3006 என்பது கால், அதாவது ஆகாரக் குறி. அங்கே இருப்பது வேலூர் இல்லை, வேலூா்.

காரணம் பழைய பழக்கம். அச்சில் ர், ரி, ரீ மூன்றையும் அடிக்கோடு இல்லாமல் போடுவதுண்டு. பாமினி மாதிரி எழுத்துருவில் அந்தத் தோற்றத்துக்காகக் கால் சாவியை அடித்து, மேலே புள்ளி வைத்தார்கள். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் எண்ணிலேயே தமிழ் வடிவத்தை ஒட்டவைத்தது. பாமினியில் ‘தமிழ்’ என்பது ஃபைலுக்குள் 106 107 112 111 59, அதாவது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். காகிதத்தில் அழகாக வந்தால் போதும் என்ற காலத்தில் அது வேலை செய்தது. கன்வர்ட்டர் சாவிக்குச் சாவி மாற்றுவதால், கால் காலாகவே வந்துவிடுகிறது.

தமிழில் காலுக்கு மேல் புள்ளி வரவே வராது. அதனால் 3006, 3021 சேர்ந்து வந்தால் யோசிக்காமல் 2992, 3021 ஆக்கலாம். ரி, ரீக்கும் அப்படியே: 3006, 3007 என்பதை 2992, 3007 ஆக்குங்கள், 3006, 3008 என்பதை 2992, 3008 ஆக்குங்கள். ஃபைண்ட் ரீப்ளேஸ் பெட்டியில் தனிக் குறியை ஒட்டினால் புள்ளிவட்டம் வந்து குழப்பும். சப்ஸ்டிட்யூட் ஃபங்ஷனுக்குள் யூனிசார்(3006)&யூனிசார்(3021) என்று எண்ணாகவே கொடுங்கள்.

ட்ரிம் 32 என்ற சாதாரண இடைவெளியை மட்டும் எடுக்கும். இணையப் பக்கத்திலிருந்து ஒட்டியதில் 160, 8203, 8204 என்ற கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒளிந்திருக்கலாம். அவற்றையும் இதே முறையில் நீக்குங்கள்.

குடியாத்தம்_தறி

நன்றி சார், ஐந்தாவது எண் 3006 தான். வேலூர், ஆம்பூர், திருப்பத்தூர் ஒவ்வொன்றும் ஒரே வரியாகிவிட்டது. ஆனால் காவேரிப்பாக்கமும் சேர்க்காடும் இன்னும் இரண்டிரண்டாகத்தான் நிற்கின்றன. ஃபைல் என்னிடம் வருவதற்கு முன் பைத்தானில் என்எஃப்சி நார்மலைஸ் (ஒரே எழுத்தின் வெவ்வேறு எண் வடிவங்களை ஒன்றாக்குவது) ஓட்டியிருக்கிறார்கள். அதனால் ஏதாவது?

பதில்: பாகாயம்_நிரல்

அதனால்தான். இந்த இடத்தில் வரிசை முக்கியம்.

ஒகரக் குறியை இரண்டு விதமாக எழுதலாம். 3018 என்று ஒரே எண்ணாக, அல்லது எகரக் கொம்பு 3014ம் கால் 3006ம் அடுத்தடுத்து. ஓகாரமும் அப்படியே: 3019, அல்லது 3015ம் 3006ம். யூனிகோட் இந்த இரண்டையும் சமம் என்கிறது. என்எஃப்சி ஓட்டினால் இரண்டு எண்ணாக இருப்பது ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். பள்ளிகொண்டா, பொன்னை, சோளிங்கர் மாதிரி ஊர்களுக்கு அது நல்லது, ஓட்டத்தான் வேண்டும்.

ஆனால் கன்வர்ட்டரிலிருந்து வந்த சேர்க்காட்டில் என்ன இருந்தது? ச, ஏகாரக் குறி, கால், புள்ளி. அந்தக் கால் உண்மையில் ர. என்எஃப்சிக்கு அது தெரியாது. 3015ஐயும் 3006ஐயும் பார்த்ததும் 3019 ஆக்கிவிட்டது. இப்போது செல்லில் இருப்பது சோ்க்காடு. காவேரியில் ‘வேரி’ இருந்த இடத்தில் வ, ஓகாரக் குறி, இகரக் குறி. கால் தனியாக இல்லாததால் 3006ஐத் தேடும் ஃபார்முலாவுக்கு அது அகப்படாது. ‘பெரிய’ என்று தொடங்கும் பெயர்களும் இதே பொறியில் சிக்கும். சில எழுத்துருவில் புள்ளிவட்டம் வந்து காட்டிக்கொடுக்கும், சிலவற்றில் ஒன்றும் தெரியாது.

உங்களுக்கு இனி இரண்டு மாற்றம் கூடுதலாக வேண்டும். 3018க்குப் பின் 3021, 3007, 3008 மூன்றில் எது வந்தாலும், 3018ஐ எடுத்துவிட்டு 3014, 2992 வையுங்கள். அதேபோல் 3019 இருந்தால் 3015, 2992. பின்னால் வந்த குறியைத் தொட வேண்டாம். ஒரு குறிக்கு மேல் இன்னொரு குறி தமிழில் வராது என்பதால் இதுவும் பயமில்லாமல் செய்யலாம். அடுத்த ஃபைலில் முதலில் காலை ர ஆக்குங்கள், அதன் பிறகே என்எஃப்சி.

ஒன்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். கௌரியைக் கெளரி என்று, கொம்பும் ளகரமும் போட்டு அடித்திருப்பார்கள். அதை மொத்தமாக மாற்றினால் வெளி, தெளிவு எல்லாம் நாசம். கௌரி, சௌந்தர் என்று பெயர்ப் பட்டியல் எழுதிக்கொண்டு, அந்தச் சொற்களை மட்டும் மாற்றுங்கள். ஸ்ரீபுரமும் இப்படித்தான்: ஸ்ரீயின் முதல் எண் சிலரிடம் 3000, சிலரிடம் 2998. என்எஃப்சி இதைச் சேர்க்காது. பட்டியல் முழுக்க ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

பதில்: காட்பாடி_சர்வர்

சிஎஸ்வி பற்றி. யூனிகோட் எண்ணை பைட்டாக எழுதும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ் எண்ணும் மூன்று பைட். வ 2997: 64ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 53. இரண்டோடும் 128 கூட்டினால் 174, 181. முன்னால் 224. ஆக 224 174 181. தமிழ்ப் பகுதியில் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. வேலூர் மொத்தம் 18 பைட்.

எதிர்முனையில் எக்செல் ஃபைலை இரட்டைக் கிளிக்கில் திறந்தால், இவை யுடிஎஃப்-8 என்று தெரியாமல் ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி மேலைநாட்டு எழுத்தாகப் படிக்கிறது. 224க்குத் தலையில் கோடு போட்ட ஏ, 174க்கு வட்டத்துக்குள் ஆர். திரை முழுக்க அந்த ஏ திரும்பத் திரும்ப வந்தால் ஃபைல் கெடவில்லை, படித்த முறைதான் தவறு. அப்படியே சேவ் செய்யாமல் மூடச் சொல்லுங்கள். டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட் சிஎஸ்வி, ஃபைல் ஒரிஜினில் 65001 (யுடிஎஃப்-8) தேர்ந்தெடுத்தால் தமிழ் வரும்.

நீங்கள் சேவ் செய்யும்போது ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் சிஎஸ்வியில் சேவ் செய்தால் தமிழெழுத்தெல்லாம் கேள்விக்குறி, எண் 63. அது தோற்றமல்ல, உண்மையிலேயே 63 என்று எழுதப்பட்டுவிட்டது, மீட்க வழியில்லை. யுடிஎஃப்-8 சிஎஸ்வியின் தலையில் எக்செல் 239 187 191 என்ற அடையாளம் வைக்கும்; அதைப் பார்த்தால் எதிர்முனை எக்செல்லும் சரியாகப் படிக்கும். பைத்தானில் படித்தால் முதல் தலைப்பில் அதே அடையாளம் 65279 என்ற எண்ணாக ஒட்டிக்கொண்டு வரும், ‘யுடிஎஃப்-8-சிக்’ என்று திறந்தால் வராது.

பதில்: பாகாயம்_நிரல்

பைத்தானில் ஊர்களை அகரவரிசையில் அடுக்கினால் ஆற்காடு முந்தி, ஆலங்காயம் பிந்தி வரும். தமிழ் அகராதியில் ல முன், ற பின். எண்ணிலோ ற 2993, ல 2994. யூனிகோடின் தமிழ்ப் பகுதி, இஸ்கி என்ற முந்தைய இந்தியக் குறியீட்டு முறையின் அடுக்கைப் பின்பற்றி தேவநாகரிக்கு இணையாக அமைக்கப்பட்டது. ற, ன, ழ மூன்றும் அங்கே விழுந்த இடத்திலேயே இங்கும் விழுந்தன. கவுக்கும் ஙவுக்கும் நடுவே 2966, 2967, 2968 காலியாக இருப்பதும் அதனால்தான். அச்சுக்குப் போகும் பட்டியல் என்றால் வெறும் எண் வரிசையில் விடாமல், ஐசியூ என்ற நிரல் தொகுப்பின் தமிழ் வரிசையைக் கொடுத்து அடுக்குங்கள்.