புதுப்பிப்பு: அக்குள் நெறிக்கட்டி எடுத்தபோதே நிணநாள இணைப்பு, எட்டு மாதம் கழித்து

மார்பகப் புற்று அறுவையில் அக்குள் நெறிக்கட்டிகளை எடுத்தால் அக்காவுக்குக் கை வீங்குமே, முன்கூட்டியே தடுக்க வழி உண்டா என்று பிப்ரவரியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது, "தேதி குறிக்கும் முன்பே பிளாஸ்டிக் சர்ஜனைப் பாருங்கள்" என்ற யோசனைதான். நெறிக்கட்டியோடு அறுபடும் நிணநாளங்களை, அதாவது கையில் சேரும் நிணநீரை வடிக்கும் மெல்லிய குழாய்களை, பக்கத்துச் சிறு சிரையோடு மைக்ராஸ்கோப் வைத்து அவர் தைக்கும் முறை இது. இத்தாலியின் ஜெனோவாவில் பொக்கார்டோ குழு 2009இல் வெளியிட்டது. நெறிக்கட்டி எடுக்கும் அதே மேசையில், அதே மயக்கத்தில் செய்ய வேண்டும். முதலில் போன மருத்துவமனையில் "வீங்கினால் பார்த்துக்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த இடத்தில் இரண்டு நாளங்களை இணைத்தார்கள். கூடுதலாக ஒன்றரை மணி நேரம் ஆனது.

எதிர்பாராதது ஒன்று: நாளம் தெரிவதற்காக மேல்கையில் நீலச் சாயம் ஊசி போடுகிறார்கள். மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போக, அக்கா அலறிவிட்டாள். சாயம்தான், ஓரிரு நாளில் சரியானது. ஊசி போட்ட இடத்து நீலத் திட்டு மறையத்தான் வாரக்கணக்கானது.

அறுவைக்கு முன்பே இரு கையையும் டேப்பால் அளந்து வைக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. அன்று இரண்டுக்கும் வித்தியாசம் அரை செ.மீ., இன்றும் அதேதான். ஆனால் ரேடியேஷன் முடிந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வீக்கம் தாமதமாகவும் வரலாம், முழு உத்தரவாதம் கிடையாது என்று டாக்டர் முதலிலேயே சொன்னார். மாதாமாதம் அளக்கிறோம். மோதிரம் இதுவரை சோப்புப் போடாமலே கழல்கிறது.