செப்டம்பர்ல இங்கிலாந்து கிளம்புற பொண்ணுங்களுக்கு: ஆபீஸ் டாப்ஸ் மதுரையில எத்தனை தைக்கலாம், எதை அங்க போய் வாங்கலாம்?

அனுப்பானடி, செப்டம்பர்ல லீட்ஸ் கிளம்புறவங்க

அக்காமாரே, ஐ.டி. வேலை. ஆபர் லெட்டர்ல 'ஸ்மார்ட் கேஷுவல்'னு ஒத்த வரிதான் இருக்கு. அம்மா பன்னிரண்டு குர்தி தைச்சு எடுத்துட்டுப் போகச் சொல்றாங்க. பெட்டிக்கு 23 கிலோதான். தைக்கவா, அங்க போய் வாங்கிக்கவா?

வில்லாபுரம், இப்போ பர்மிங்ஹாம்

பன்னிரண்டெல்லாம் வேணாம் தங்கச்சி, நாலு தைங்க. அதுவும் குர்தியா வேணாம், இடுப்பெலும்பு தாண்டி முடியுற டாப்ஸ். உயரம் 24-ல இருந்து 26 அங்குலம்.

குர்தி போட்டா ஆபீஸ்ல யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. கோட்டோடதான் அதுக்கு ஒத்து வராது. அக்டோபர் தாண்டினா வெளிய கால் வைக்கும்போதெல்லாம் மேல ஒரு கோட்டு ஏறும். 42 அங்குலக் குர்தி அதுக்குக் கீழ தொங்கும், சைடு ஓபன் வழியா குளிர்காத்து ஏறும். தூறல்ல கீழ்மடிப்பு நனைஞ்சா மத்தியானம் வரைக்கும் தொடையில ஈரம் ஒட்டிக்கிட்டே கிடக்கும். வெயில் காலத்துக்குன்னு ரெண்டு எடுத்து வைங்க, போதும்.

ஸ்மார்ட் கேஷுவல்னா சூட் வேணாம், ஆனா வீட்டு டி-சர்ட்டும் கூடாது. சுத்தமா இஸ்திரி போட்ட டாப்ஸ், பேன்ட், மூடுன ஷூ, அவ்வளவுதான். கையில்லாத டாப்ஸ் பெரும்பாலான ஆபீஸ்ல பிரச்சினையே இல்ல. நம்ம ஊர்ல சாதாரணமாப் போடுற ஆழமான முதுகுக் கழுத்து, நாடாவுல தொங்குற குஞ்சம், ஜரிகை பார்டர், இதுகதான் அங்க கல்யாண வீட்டு உடுப்பு மாதிரி தெரியும். முதல் வாரம் மட்டும் ஒரு படி கூடுதலா, காலர் வச்ச டாப்ஸும் பிளேசருமா போங்க. மத்தவங்க என்ன போடுறாங்கன்னு பார்த்து அப்புறம் குறைச்சுக்கலாம்.

அப்ப அந்த நாலு மட்டும் எதுக்குன்னா, அளவுக்காகத்தான். அங்க ரெடிமேட்ல நம்ம உடம்புக்கு மார்பு சரியா இருந்தா தோள் கீழ இறங்கும், கை விரலை மூடும். அஞ்சடி மூணு அங்குலத்துக்குள்ள இருக்கவங்க 'பெட்டிட்'னு போட்ட பகுதியில தேடுனா இந்தத் தொல்லை பாதி குறையும். ஆனா அங்க ஆல்டர் பண்ற கூலிக்கு இன்னொரு டாப்ஸே வாங்கிடலாம்.

ஜெய்ஹிந்த்புரம், தையல் தெரிஞ்சவங்க

தைக்கக் குடுக்குறப்ப எல்லாரும் செய்ற தப்பு, அளவு ஜாக்கெட்டை நீட்டிட்டு வந்துடுறது. ஜாக்கெட் உடம்போட ஒட்டி நிக்கணும்னு வெட்டுனது, சட்டை அப்படி இல்ல. மார்புச் சுத்து 36-ன்னா சட்டை முடிஞ்சு 40 நிக்கணும். உள்ள தெர்மல், அதான் குளிருக்குப் போடுற ஒட்டுன உள்சட்டை, போடுற டாப்ஸ்னா இன்னும் ஒரு அங்குலம் சேர்த்துச் சொல்லுங்க. உங்களுக்குக் கச்சிதமா இருக்க ஒரு பழைய ரெடிமேட் சட்டை இருந்தா அதையே அளவுக்குக் குடுங்க. புது மண்டபத்துல தைச்சுக்கிட்டிருந்தவங்க இப்ப குன்னத்தூர் சத்திரத்துல இருக்காங்க. அங்க குடுத்தாலும் சரி, தெருமுனைக் கடையில குடுத்தாலும் சரி, கீழ சொல்றதை ஒரு சீட்டுல எழுதித் துணியோட சேர்த்துக் குத்திட்டு வாங்க. வாயில சொன்னது கட்டிங் பண்றவர் காதுக்குப் போகாது.

முதல்ல பட்டன். வழக்கமா காலர்ல ஆரம்பிச்சு நாலு அங்குலத்துக்கு ஒண்ணுன்னு சமமாப் பிரிச்சு காஜா போட்டுருவாங்க. அப்படிப் போட்டா மார்பு ரொம்ப அகலமா இருக்க இடம் ரெண்டு பட்டனுக்கு நடுவுல மாட்டிக்கும். நிமிந்து நிக்குறப்ப ஒண்ணும் தெரியாது. உக்காந்து கீபோர்டுக்குக் கையை நீட்டுனதும் துணி மீன்வாய் மாதிரி திறக்கும், பக்கத்து சீட்டுக்காரங்களுக்கு உள்ளாடை தெரியும். அதனால மார்பு முனைக்கு நேரா முதல் பட்டனைக் குறிக்கச் சொல்லுங்க. அதுலருந்து மேலயும் கீழயும் மூணு அங்குலத்துக்கு ஒண்ணு. அந்த மார்புப் பட்டனுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு பட்டிக்கு உள்பக்கமா டிச் பட்டன் வச்சுட்டா எப்படித் திரும்புனாலும் திறக்காது.

கைக்குழி அக்குள்ல இருந்து ஒரு அங்குலம் இறங்கினா போதும். ஜாக்கெட் மாதிரி இறுக்கினா தெர்மல் போட்டதும் கையைத் தூக்க முடியாது. சுடிதார் மாதிரி தாராளமா விட்டா பிளேசருக்குள்ள துணி சுருண்டு கட்டி கட்டியா நிக்கும். பஃப் கை, மணிக்கை ரெண்டுமே பிளேசருக்குள்ள போகாது. முக்கால் கை அழகுதான், கோட்டை மாட்டுறப்ப முழங்கைக்கு ஏறிக்கும். முழுக்கை வச்சு, கைப்பட்டி ஒன்பது அங்குலச் சுத்து விட்டா வாட்ச்சும் உள்ள அடங்கும், வேணும்னா மடிச்சும் விடலாம்.

காலர்ல வைக்கிற கேன்வாஸ் இஸ்திரிச் சூட்டுல ஒட்டுற வகைன்னா, ரெண்டு மூணு தடவை மெஷின்ல போட்டதும் கொப்புளம் கொப்புளமா எழும்பலாம். மேல் துணி சுருங்கும், கேன்வாஸ் அந்த அளவுக்குச் சுருங்காது, அதான் காரணம். நனைச்சுக் காயவச்ச காட்டன் கேன்வாஸா வச்சுத் தைக்கச் சொல்லுங்க, இல்ல சீனக் காலரா வச்சுக்கோங்க. பக்கத் தையல்ல உள்ள முக்கால் அங்குலம் துணி விடணும், ஓரத்துக்கு ஓவர்லாக். தையலை ஒட்டி வெட்டி ஓவர்லாக் மட்டும் அடிச்சா பிரிச்சு விட இடமே இருக்காது. அங்க போன ஆறு மாசத்துல உடம்பு கொஞ்சம் கூடும்ங்கிறதையும் கணக்குல வைங்க.

டிரையல் பார்க்குறப்ப கண்ணாடி முன்னாடி நின்னு திருப்திப்படாதீங்க. ஸ்டூல்ல உக்காந்து ரெண்டு கையையும் முன்னாடி நீட்டிப் பாருங்க. முதுகு பிடிச்சு இழுத்தா தோளுக்குக் கீழ கால் அங்குலம் பிரிக்கணும்.

அனுப்பானடி

துணி எத்தனை மீட்டர் எடுக்கணும் அக்கா? சுங்குடியில ஒண்ணு தைச்சா நல்லாருக்குமா?

ஜெய்ஹிந்த்புரம்

துணி அகலத்தைப் பொறுத்தது. 44 அங்குல அகலத்துல முழுக்கைச் சட்டைக்கு ரெண்டேகால் மீட்டர், 36-ல ரெண்டேமுக்கால், 58-ல ஒண்ணேமுக்கால் போதும். கட்டம், கோடு பொருத்தித் தைக்கணும்னா கால் மீட்டர் கூட. சுத்தக் காட்டன் நூத்துக்கு மூணுல இருந்து அஞ்சு வரைக்கும் சுருங்கும், 25 அங்குல உயரத்துல ஒரு அங்குலம் போயிடும். ராத்திரி முழுக்கத் தண்ணியில போட்டுக் காயவச்சுட்டுத்தான் கட்டிங்குக்கே குடுக்கணும்.

சுங்குடி தாராளமாத் தைக்கலாம். கருநீலம், அரக்கு மாதிரி அடர்நிறத்துல பொடிப் புள்ளியா எடுங்க. அங்க இருக்கவங்க கண்ணுக்கு அது சாதாரணப் புள்ளி டிசைன், நம்ம கண்ணுக்கு நம்ம சௌராஷ்டிராக்காரங்க கைமுடிச்சு. நிஜ முடிச்சுன்னா புள்ளி ஒண்ணுக்கொண்ணு சரியா ஒத்துப்போகாது, தடவுனா லேசா புடைப்பு தட்டும். எல்லாப் புள்ளியும் அச்சு வச்ச மாதிரி இருந்தா அது அச்சேதான்.

கடையில தொடுறப்ப மொடமொடன்னு இருக்கது கஞ்சி. அலசுனதும் துணி மெலிஞ்சுடும். அதனால அலசிக் காயவச்ச பிறகு வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. கைவிரல் தெரிஞ்சா லைனிங் வைக்கணும், இல்லன்னா உள்ள ஒரு ஸ்லிப் வேணும்.

வில்லாபுரம்

சாயத்தைப் பத்தி ஒண்ணு. உப்புத் தண்ணியில போட்டா நிக்கும்னு வீட்டுல சொல்வாங்க. சாயம் ஏத்துறப்ப உப்பு உதவும், ஏத்தி முடிஞ்ச துணியில ஒட்டாத சாயத்தை அது பிடிச்சு வைக்காது. வெறும் பச்சத் தண்ணியில, தண்ணி தெளியுற வரைக்கும் தனியா அலசுறதுதான் வழி. அப்புறம் ஒரு வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கி உள்தையல்ல தேய்ச்சுப் பாருங்க. நிறம் ஏறுனா இன்னும் ரெண்டு அலசல் பாக்கி.

அங்க வாஷிங் மெஷின் தண்ணியைத் தானே சூடு பண்ணிக்கும். 'காட்டன்'னு எழுதுன இடத்துல திருப்பிவிட்டா பெரும்பாலும் 40 டிகிரி, இல்லன்னா 60. காட்டன் துணிதானேன்னு சுங்குடியை அதுல போட்டா பக்கத்துல கிடந்த வெள்ளைச் சட்டையெல்லாம் ரோஸ் ஆயிடும். தைச்ச துணியில லேபிள் கிடையாது, அதனால 20 இல்ல 30 டிகிரியில வச்சு, உள்பக்கத்தை வெளிய திருப்பிப் போடுங்க. சூட்டுல சுத்திக் காயவைக்கிற டம்பிள் டிரையர் பக்கமே கொண்டு போகாதீங்க.

இஸ்திரி வண்டி அங்க வராது. லினன் ஆசைப்பட்டு எடுத்தா தினம் காலையில பத்து நிமிஷம் அதுக்கே போகும். காட்டனோட பாலியஸ்டர் கலந்தது வேலைநாளுக்கு வசதி. முழுப் பாலியஸ்டர் வியர்வையோட எண்ணெய்ப் பசையைப் பிடிச்சு வச்சுக்கும், துவைச்சாலும் அக்குள் வாடை போகாது. குளிர்காலத்துல ஹீட்டர் போட்ட காஞ்ச காத்துல பேன்ட்டோட ஒட்டிக்கிட்டுப் படபடன்னு பொறி பறக்கும். வெள்ளை டாப்ஸுக்குள்ள வெள்ளை உள்ளாடை போட்டா பளிச்சுன்னு தெரியும், நம்ம தோல் நிறத்துக்குக் கிட்ட இருக்கதைப் போடுங்க.

சாம்பார் சிந்துனா மஞ்சள் கறை சோப்புப் பட்டதும் செவக்கும், பயப்பட வேணாம். நல்லா அலசிட்டு ஜன்னல் வெயில்ல ரெண்டு நாள் காயப் போட்டா வெளிறிடும்.

கார்டிகன் (முன்னாடி பட்டன் வச்ச ஸ்வெட்டர்), பிளேசர், தெர்மல், கோட்டு எல்லாம் அங்கயே வாங்குங்க. டேக்ல 10-ன்னு இருந்தா அமெரிக்காவுல அது 6, ஜெர்மனியில 36 மாதிரி. ஆனா கடைக்குக் கடை மாறும், அங்குல அட்டவணையைப் பார்த்து எடுங்க. இங்கிலாந்துல ஆன்லைன்ல வாங்குனது கைக்கு வந்து 14 நாளுக்குள்ள பிடிக்கலைன்னு சொல்லித் திருப்பிடலாம், 2013-ல வந்த விதி. கடைக்கே போய் வாங்குனதுக்கு, பழுது இல்லாத வரைக்கும், அந்த உரிமை சட்டத்துல இல்ல. கடை விருப்பப்பட்டாத்தான். பில்லுக்குப் பின்னாடி என்ன போட்டிருக்குன்னு வாசிச்சுட்டு டேக்கைக் கிழிங்க.

அவனியாபுரம், இப்போ துபாய்

வளைகுடாவுக்கு வர்றவங்களுக்குக் கணக்கே வேற. தோளும் முட்டியும் மூடுனாப் போதும், குர்தி இங்க கனஜோரா ஓடும், கோட்டும் வேணாம். ஆபீஸ் ஏ.சி.தான் எலும்புக்குள்ள இறங்கும். சீட்டுல ஒரு கார்டிகன் நிரந்தரமாக் கிடக்கட்டும்.

ஜெய்ஹிந்த்புரம்

செப்டம்பர்னா ஆடியிலயே குடுத்துடுங்க தங்கச்சி. தள்ளுபடியில துணியும் எடுக்கலாம், தையல்காரங்க கையும் சும்மா இருக்கும். ஆவணி பொறந்துட்டா முகூர்த்த ஜாக்கெட்டுகளுக்கு அடியில உங்க சட்டை போயிடும். முதல்ல ஒண்ணை மட்டும் தைச்சு வாங்கி, ரெண்டு தடவை துவைச்சுப் போட்டுப் பார்த்துட்டு, மிச்சம் மூணுக்குத் துணி வெட்டச் சொல்லுங்க.