லூப் ஆம்ப்ளிஃபயர் பொருத்தியவர்களும் அதன் வழியாகக் கேட்டவர்களும்: அனுபவப் பகிர்வு

குழித்துறை ஒலியமைப்பாளர்:

களியக்காவிளைக்கு அருகே ஒரு பழைய ஓட்டுக்கூரைத் தேவாலயத்தில் லூப் பொருத்தினோம். சுவரடியை ஒட்டி ஒற்றைச் சுற்றாகக் கம்பி, பின்னறையில் ஆம்ப்ளிஃபயர். மைக்கில் வரும் ஒலியை அந்தக் கம்பி காந்தப்புலமாக்கும், காது கேட்கும் கருவி அதை நேரடியாக வாங்கி மறுபடி ஒலியாக்கும். அமர்ந்திருப்பவரின் காது உயரமான 1.2 மீட்டரில் காந்தப்புல அளவுமானியைப் பிடித்து, புலத்தின் உச்ச அளவு மீட்டருக்கு 400 மில்லிஆம்பியர் வரும்வரை மின்னோட்டத்தைக் கூட்டி, 100 ஹெர்ட்ஸ் முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றத்தாழ்வு 3 டெசிபலுக்குள் நிற்கிறதா என்று ஒவ்வொரு பெஞ்சிலும் சரிபார்த்தோம். லூப்புகளுக்கான சர்வதேசத் தரநிலையான ஐஇசி 60118-4 கேட்பது எல்லாமே இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு பாட்டி என்னைக் கைகாட்டி அழைத்தார். “மக்களே, பிரசங்கம் எல்லாம் நல்லா கேட்டுது. ஜெபத்துக்கு மட்டும் ஏன் நிப்பாட்டிட்டிய?” என்றார். நாங்கள் எதையும் நிறுத்தவில்லை. அவர் தலையைக் குனிந்திருந்தார், அவ்வளவுதான். காதுக் கருவிக்குள் புலத்தை வாங்கும் சிறு கம்பிச்சுருளான டெலிகாயில், தலை நிமிர்ந்திருக்கும்போது செங்குத்தாக நின்று, லூப்பின் நடுப்பகுதியில் செங்குத்தாக எழும் காந்தப்புலத்தை முழுமையாக வாங்குகிறது. 60 பாகை குனிந்தால் பாதிதான் வாங்கும், நெற்றி முன்பெஞ்சில் படும் அளவுக்குக் குனிந்தால் ஏறக்குறைய ஒன்றுமே கிடைக்காது. அந்த வயதில் பக்தியோடு குனிகிறவரிடம் நிமிர்ந்து உட்கார்ந்து ஜெபியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவில்லை. அந்தக் கேள்வி மட்டும் இன்னும் என்னைவிட்டுப் போகவில்லை.

செங்கோட்டை வாசகர்:

எங்கள் ஊர்ப் படிப்பகத்தின் கூட்ட அறையில் நடந்தது இது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், காதுக் கருவியை டி நிலைக்கு, அதாவது டெலிகாயில் வழியாகக் கேட்கும் நிலைக்கு, மாற்றினாலே காதுக்குள் வண்டு புகுந்ததுபோல இரைகிறது என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பொருத்தியவர் வந்து ஆம்ப்ளிஃபயரையே அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். அப்போதும் இரைச்சல் அப்படியே இருந்தது. ஆம்ப்ளிஃபயரில் குற்றமில்லை என்பது அங்கேயே தெளிவாகிவிட்டது, ஆனால் எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியவில்லை. பணியாளர் குளிருகிறது என்று மின்விசிறியை முழு வேகத்திலிருந்து குறைத்த கணத்தில் ஆசிரியர் கையை உயர்த்தி, “இப்பதான், இப்பதான் கூடுது” என்று உரக்கச் சொன்னார். அந்த அறையில் எல்லாமே திருகிக் குறைக்கும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்கள். அவை மின்னலையை நறுக்கி அனுப்புவதால் 50 ஹெர்ட்ஸின் மடங்குகள் சுவர்க் கம்பி முழுவதும் காந்தப்புலமாகப் பரவுகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டு, படிப்படியாக மாறும் கெபாசிட்டர் வகை ரெகுலேட்டர்களைப் போட்ட பிறகு இரைச்சல் போயிற்று. காது நன்றாகக் கேட்கும் நாங்கள் எல்லோரும் அந்த அறையில் பல ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறோம். ஒருவருக்கும் ஒன்றும் கேட்டதில்லை.

கொழிஞ்சாம்பாறை மின்பணியாளர்:

குழித்துறை நண்பர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. தலை குனிவதால் சற்றுக் குறையும் என்பது சரி, ஆனால் ஒருவர் நிறுத்திவிட்டீர்களா என்று கேட்கும் அளவுக்குக் குறைகிறது என்றால் தரையிலுள்ள இரும்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் லூப் போட்டபோது அளவுமானி 1 கிலோஹெர்ட்ஸில் நல்ல அளவைக் காட்டியது. சோதித்துப் பார்த்த பெரியவரோ, “சத்தம் வருதுங்க, வார்த்தைதான் புடிபடலை” என்றார். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிக்கட்டு புலத்தை விழுங்குகிறது, அதிலும் உயர் அதிர்வெண்களைக் கூடுதலாக விழுங்குகிறது. மெய்யெழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் உலோக இழப்பைத் திருத்தும் குமிழ் இருந்தது, அதைத் திருப்பியதும் ஓரளவு சரியாயிற்று.

இதைப் படிக்கும் புதியவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து லூப் தொடங்கும் இடம் வரை செல்லும் இரண்டு கம்பிகளையும் முறுக்கியே கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் அந்த வழியும் லூப்பாகிவிடும். மைக் கேபிளை லூப் கம்பிக்கு இணையாக ஓடவிடாதீர்கள். ஒலிவாங்கி டைனமிக் வகையாக இருந்தால் அதன் சுருளே புலத்தைப் பிடித்துத் திருப்பி அனுப்பி ஊளையிடும், ஆகவே கண்டென்சர் மைக் நல்லது. எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கும் இடமென்றால் மேடையை லூப்பிலிருந்து விலக்கிவையுங்கள். தரையில் செம்பு நாடா ஒட்டுகிறவர்கள் டைல்ஸ் பதிப்பதற்கு முன்பே கம்பியைத் தற்காலிகமாக விரித்து அளந்து பார்ப்பது மிகவும் அவசியம், ஏனென்றால் அதற்குப் பிறகு மேஸ்திரி யாருக்காகவும் தரையைப் பெயர்க்க மாட்டார். கம்பிக்கு நேர் மேலே நாற்காலி போடாதீர்கள். அங்கே புலம் படுக்கையாக ஓடுவதால் ஒன்றும் கேட்காது. இரும்பு மிகுந்த தரையில் ஒரே பெரிய சுற்றைவிடச் சிறிய சுற்றுகளை இரண்டு அடுக்குகளாகப் போட்டு, அவற்றின் மின்னோட்டங்களுக்கு இடையே 90 பாகைக் கட்ட (phase) வேறுபாடு கொடுப்பது பலன் தரும். புலம் சுவரைத் தாண்டிப் போவதும் குறையும். வாசலில் காதுப் படத்தோடு டி குறியிட்ட பலகை இல்லையென்றால் இத்தனையும் செய்தது யாருக்கும் தெரியாது.

பாறசாலை மகள்:

மேலே உள்ளவர்கள் தொழில் தெரிந்தவர்கள், நான் என் அப்பாவின் கதையைச் சொல்ல மட்டுமே வந்தேன். எங்கள் கோயிலில் லூப் வந்த பிறகும் அப்பாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கருவியில் டெலிகாயில் இருந்தும், வாங்கிய இடத்தில் அதற்கான நிரலை இயக்கிக் கொடுக்கவேயில்லை என்பதை வேறொரு ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) பார்த்ததும் சொன்னார். இயக்கிவிட அவருக்குச் சில நிமிடங்கள் போதுமானதாக இருந்தது.

அதற்குப் பின் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மறக்க முடியாதது. பூசை முடிந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டோம், அப்பா மட்டும் வராந்தாவில் சுவரோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தார். என்னவென்று கேட்டதற்குக் கையசைத்து என்னைப் பேசாமலிருக்கச் சொன்னார். உள்ளே கமிட்டிக்காரர்கள் திருநாள் பந்தல் செலவைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அச்சனின் (பாதிரியாரின்) காலர் மைக் அணைக்கப்படவில்லை. மிக்ஸரில் ஸ்பீக்கரை நிறுத்தியிருந்தார்கள், ஆனால் லூப்புக்குப் போகும் ஒலியை அந்தப் பொத்தானுக்கு முன்பே பிரித்து எடுத்திருந்ததால் அது தொடர்ந்து போய்க்கொண்டிருந்தது. ஊரில் காது கேட்காதவர் என்று பெயரெடுத்தவர்தான் அந்தச் சண்டையை முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். யார் எவ்வளவு ரூபாய் கூட்டி எழுதினார் என்பதைக் கொழிஞ்சாம்பாறைக்காரர் சொன்ன கட்ட வேறுபாடு இருந்திருந்தால் அப்பா வராந்தாவிலிருந்து அறிந்திருக்க முடியாது, ஆகவே அது எங்கள் கோயிலில் இல்லாதது நல்லதே.

செங்கோட்டை வாசகர்:

அம்மா, அந்த இணைப்பை மாற்றச் சொல்லிவிட்டீர்களா? மாற்றவில்லை என்றால் அச்சனிடம் தனியாகப் பேச வருகிறவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள்.

பாறசாலை மகள்:

மாற்றிவிட்டார்கள், ஐயா. அப்பாவே போய்ச் சொன்னார், ஆனால் பந்தல் கணக்கு முடிந்த பிறகுதான் சொன்னார்.

குழித்துறை ஒலியமைப்பாளர்:

கொழிஞ்சாம்பாறை அண்ணனுக்கு மறுமொழி. அந்தத் தேவாலயத்தின் தரை மண்ணின்மேல் சுண்ணாம்புக் கலவை இட்டுப் பாவியது. அதில் கம்பிக்கட்டு கிடையாது, கூரையும் மரமும் ஓடும்தான். உங்கள் கேள்விக்காகவே மறுபடி போய், பாட்டி அமரும் அதே பெஞ்சில் அளவுமானியின் சுருளை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தேன். 60 பாகையில் சரியாக 6 டெசிபல் இறங்கியது, அதிர்வெண்ணை மாற்றினாலும் இறக்கம் மாறவில்லை. இரும்பு காரணமாக இருந்தால் உயர் அதிர்வெண்ணில் தனியாக விழுந்திருக்க வேண்டும். பெஞ்சின் விளிம்புவரை சாய்த்தபோது முள் ஏறக்குறைய அடியில் போய்ப் படுத்துவிட்டது. மின்னோட்டத்தைக் கூட்டி இதை ஈடுகட்ட முடியாது. நிமிர்ந்திருப்பவர்களின் காது வெடித்துவிடும். போதகரிடம் பேசியிருக்கிறேன். நீண்ட ஜெபத்தை அச்சிட்டு, அந்த வரிசையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பாட்டிக்கு எழுத்து பெரிதாக வேண்டும் என்று அவருடைய பேத்தி சொல்லியனுப்பியிருக்கிறாள்.