அதிரசம் எண்ணெயில் பிரிந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் இருப்பது பினாங்கு, பாயான் லெப்பாஸ். தீபாவளிக்கு முதல் நாள் முன்னோருக்குப் படையல் போடுவோம். இந்த ஆண்டு அப்பத்தா படத்தின் முன் வீட்டில் சுட்ட அதிரசம்தான் வைக்க வேண்டும் என்று அப்பா ஆசைப்படுகிறார். இரண்டு முறை முயன்றேன், இரண்டும் வீணாகிவிட்டன.

அரை கிலோ பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் பரப்பினேன். ஒரு வாரமாக விடாத மழை. அரிசி காயவே மாட்டேன் என்கிறது. அப்படியே அரைத்துச் சலித்தேன். வெல்லம் 400 கிராம், லிட்டில் இந்தியாவில் வாங்கியது. பாகைத் தண்ணீரில் விட்டபோது திரண்டது, ஆனால் உருண்டை தளர்வாகவே இருந்தது. ஏலக்காயும் சுக்கும் சேர்த்துக் கிளறி ஒரு நாள் மூடிவைத்தேன். மறுநாள் தட்டிப் போட்டவுடன் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து, எண்ணெய் பொங்கி நுரைத்தது. அடியில் கருகிய துகள்தான் மிஞ்சியது.

பாகைச் சீக்கிரம் இறக்கிவிட்டேனா, மாவில் ஈரம் அதிகமா? பாதி மாவு இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது. அதில் கொஞ்சம் அரிசி மாவு பிசைந்து காப்பாற்ற முடியுமா? வெல்லத்துக்குப் பதில் குலா மலாக்கா (இங்கே கிடைக்கும் தென்னை வெல்லம்) போட்டுச் செய்தவர்கள் இருந்தால், பாகுப் பதம் மாறுமா என்றும் சொல்லுங்கள். அப்பத்தா அளவு எதையும் எழுதிவைக்கவில்லை. அவருக்குக் கைதான் படி.

மழைக்காலத்தில் அரிசியை எப்படி உலர்த்துகிறீர்கள் என்பதையும் அவசியம் எழுதுங்கள். சனிக்கிழமை மறுபடியும் ஊறவைக்கப் போகிறேன்.