உண்மையிலேயே ஃப்ரீயான டேட்டிங் ஆப் எது? ஏமாறாம இருக்க என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைப் பிள்ளை:
வணக்கம். வயசு 29, கொழும்பிலதான் வேலை. வீட்டில புரோக்கர் மூலமா சாதகம் பாத்துக்கொண்டு இருக்கினம், நானும் ஒராளோட கதைச்சுப் பழகிப் பாப்பம் எண்டு நினைச்சன். ஃப்ரீ எண்டு போட்டிருந்த ஒரு ஆப்பைப் போட்டா, என்ர போட்டோவே இன்னும் போடேல்லை, அதுக்குள்ள லைக்கும் "ஹாய் டியர்"உம் வந்து குவியுது, திறந்து வாசிக்கப் போனா கொயின் வாங்கட்டாம். காசில்லாம கதைக்கக்கூடியது எது? மற்றது வெள்ளவத்தை எப்பிடி எண்டு தெரியும்தானே, மாமான்ர மகன் கண்டா இரவைக்கே வீட்ட தெரிஞ்சிடும், அதுக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை அக்கா:
தங்கச்சி, போட்டோ இல்லாத ப்ரொபைலுக்கு லைக் வருதெண்டா அங்கால இருக்கிறது ஆக்களே இல்லை, உடன தூக்குங்கோ. வந்த மெசேஜை வாசிக்கவே காசு எண்டா அது ஃப்ரீ இல்லை, நான் பாக்கிறது அது ஒண்டைத்தான். டிண்டர், பம்பிள், ஓகேகியூபிட் மூண்டிலயும் மேட்ச் ஆனா காசு கட்டாமலே கதைக்கலாம். யார் லைக் பண்ணினது எண்டு மங்கலாக் காட்டிப்போட்டுத் தெளிவாப் பாக்கத்தான் காசு கேப்பாங்கள், அது தேவையே இல்லை. ஃப்ரீ ட்ரயல் எண்டு கார்ட் நம்பர் கேட்டா குடுக்காதேங்கோ, குடுத்திருந்தா ஆப்பை அழிச்சாலும் காசு வெட்டுப்படும், பிளே ஸ்டோர்ல சப்ஸ்கிரிப்ஷன்ஸுக்குள்ள போய் கேன்சல் பண்ணினாத்தான் நிக்கும். மாமான்ர மகனுக்கு வழி இருக்கு, டிண்டர் செட்டிங்ஸ்ல ப்ளொக் கொன்டாக்ட்ஸ் எண்டு ஒண்டு, அதில சொந்தக்காரர்ட நம்பரெல்லாம் போட்டு விடுங்கோ. அவை வேற நம்பர்ல எக்கவுண்ட் வச்சிருந்தா மட்டும் பிடிபடாது.

பேங்க் கவுண்டர்:
நான் பேங்க்ல வேலை, இதைக் கட்டாயம் சொல்லவேணும். லண்டன்ல டொக்டர், கப்பல் இஞ்சினியர் எண்டு யாரோ ஒராள் ஒரு மாசம் அன்பாக் கதைப்பார், பிறகு கிஃப்ட் பார்சல் அனுப்பியிருக்கிறன் எண்டு ரசீது, ட்ரெக்கிங் நம்பர் எல்லாம் வாட்ஸப்ல வரும், அடுத்த நாளே கட்டுநாயக்க கஸ்டம்ஸ்ல இருந்து எண்டு ஒரு பொம்பிளை கோல் எடுப்பா, பெட்டிக்குள்ள பவுண்ஸ் இருக்கு, க்ளியரன்ஸுக்குக் காசு போடுங்கோ, இல்லாட்டி கேஸ் வரும் எண்டு. ஆக்கள் கை நடுங்க டெபொசிட் ஸ்லிப்போட வருவினம், ஸ்லிப்பைப் பாத்தா யாரோ ஒரு தனி ஆளின்ர சேவிங்ஸ் எக்கவுண்ட் நம்பர். கஸ்டம்ஸ் ஒருநாளும் தனி ஆளின்ர எக்கவுண்ட்டுக்குக் காசு போடச் சொல்லாது. இதைச் சொன்னாலும் சிலர் என்னோட கோவிச்சுக்கொண்டு அடுத்த பிராஞ்சுக்குப் போகினம், அதைப் பாக்க எனக்குத் தாங்கேலாது.

தெஹிவளை தம்பி:
பையன்களுக்கு வேற மாதிரி வருது. மேட்ச் ஆன உடனே வாட்ஸப்புக்கு வா, டெலிகிராமுக்கு வான்னு கூப்பிட்டு, ராத்திரி வீடியோ கோல்ல உடுப்பு இல்லாம நிக்க வச்சு ரெக்கோர்ட் பண்ணிட்டு, உன்ட பேஸ்புக் ஃப்ரெண்ட்ஸ் எல்லாருக்கும் அனுப்புவேன்னு மிரட்டுவாங்க. தயவு செஞ்சு காசு மட்டும் போடாதீங்க, ஒருக்கா போட்டா திரும்பத் திரும்பக் கேப்பாங்க. சாட்டை அழிக்காம ஸ்க்ரீன்ஷொட் எடுத்து வச்சிட்டு ப்ளொக் பண்ணுங்க, பொலிஸ் 119, இணையப் பிரச்சினைக்கு உதவுற ஸ்ரீலங்கா சேர்ட் (CERT) 101. 18 வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு ஸ்டொப்என்சிஐஐன்னு ஒரு சைட் இருக்கு, காசில்ல, உங்க படம் போனை விட்டு வெளிய போகாது, அதோட கைரேகை மாதிரி ஒரு கோட் மட்டும் போகும், அதை வச்சு பேஸ்புக், இன்ஸ்டகிராம் எல்லாம் அந்தப் படத்தை ஏத்த விடாமத் தடுக்கும். இந்த மாதிரி மோசடி செய்றவங்களும் எல்லாரும் விருப்பத்தோட செய்றதில்ல, வேலைன்னு நம்பிப் போய் மியன்மார் மியாவடியில மோசடி முகாம்கள்ல அடைபட்டவங்கள்ல நம்ம நாட்டு ஆக்களும் இருந்தாங்க.

வெள்ளவத்தைப் பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி, அந்த ஆப்பைத் தூக்கிட்டன். ப்ரொபைல்ல நீல டிக் இருந்தா நம்பலாமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
அந்த டிக் போட்டோவில இருக்கிற முகமும் ஆளின்ர முகமும் ஒண்டுதான் எண்டு மட்டும்தான் காட்டும், கலியாணம் கட்டினவரா எண்டெல்லாம் சொல்லாது. முதல்ல வீடியோ கோல்ல கதையுங்கோ, போட்டோவை கூகிள் லென்ஸ்ல போட்டுப் பாருங்கோ, சந்திக்கிறதெண்டா பகல்ல, மெஜஸ்டிக் சிட்டி மாதிரி ஆக்கள் நிறைஞ்ச இடத்தில, ஒரு சிநேகிதிக்கு லைவ் லொகேஷன் அனுப்பிப்போட்டுப் போங்கோ. வீட்ட கொண்டுவந்து விடுறன் எண்டு சொன்னாலும் முதல் நாள் வேண்டாம், பிக்மீ டாக்ஸில வாங்கோ.